பாளையில் ஊறுது, சட்டியில் கொதிக்குது!

கிராஃப்ட் பீர் எப்படித் தயாராகிறது என்று பெங்களூரில் போய்க் கேளுங்கள். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பளபளக்கிற எஃகுத் தொட்டிகளைக் காட்டுவார்கள். மால்ட் எந்த நாட்டிலிருந்து வந்தது, ஹாப்ஸ் எந்த ஊரில் விளைந்தது என்று கறுப்பு ஏப்ரன் கட்டிய ஒரு பையன் பாடமெடுப்பான். குவளை மேஜைக்கு வருவதற்குள் நமக்குப் பாதி டிப்ளமா முடிந்திருக்கும். தென்காசிக்காரர்களுக்கு இந்தச் சிரமமெல்லாம் கிடையாது. செங்கோட்டையைத் தாண்டி மலையேறி அந்தப் பக்கம் இறங்கினால் போதும். தொட்டி, மால்ட், ஈஸ்ட் எல்லாம் ஒரே கலயத்துக்குள், தென்னை உச்சியில் தொங்குகிறது. கட்டடம் இல்லை, கரண்ட் பில் இல்லை, ஆலை பாட்டுக்கு ஓடுகிறது!

ஆமாம், கள்ளுக்கடைக்குத்தான் போனோம். அதுவும் முன்வாசல் வழியாக இல்லை. பின்கட்டு வழியாக, நேரே அடுக்களைக்குள்!

மலையில் பீர் காய்ச்சும் பழக்கம் நம் நாட்டுக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் குளிர்ந்த காற்றும் ஊற்றுத் தண்ணீரும் அங்கேதான் கிடைத்தன. இமயமலையில் கசௌலியில் எட்வர்டு டயர் ஆலை வைத்தார். ஜாலியன்வாலா பாக் டயருக்கு இவர்தான் அப்பா. அந்தக் குடும்பம் பீரோடு நிறுத்தியிருக்கலாம். நீலகிரியில் கேஸில் ப்ரூவரி 1857-லேயே வந்துவிட்டது. 1915-ல் தாமஸ் லீஷ்மன் அதையும் வேறு சில தென்னிந்திய ஆலைகளையும் ஒன்றாகக் கட்டிப்போட்டு உண்டாக்கியதுதான் யுனைடெட் ப்ரூவரீஸ், பிற்காலத்துக் கிங்ஃபிஷர் கம்பெனி. குற்றாலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி கிராம்பும் ஜாதிக்காயும் பட்டையும் நட்டுப் பார்த்தது. மற்றபடி துரைமார்கள் அருவியில் தலையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நல்லதாகப் போயிற்று. ஆலை வைத்திருந்தால் நாங்கள் மலைக்கு அந்தப் பக்கத்து ஆரியங்காவுக்கே போயிருக்க மாட்டோம்.

மலைக்கு இந்தப் பக்கம் கள் கிடையாது. 1971-ல் கள்ளுக்கடையைத் திறந்தார்கள், சில வருஷத்திலேயே மூடினார்கள், 1981-ல் மறுபடி திறந்தார்கள். 1987 ஜனவரி 1-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சாராயத்தோடு சேர்த்து மூடியது, இன்று வரை மூடியபடியே இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கத்துக் கேரளக் கதை வேறு. முதல்வராக இருந்த ஏ.கே. ஆண்டனி 1996 ஏப்ரல் 1-ல் சாராயத்தை ஒழித்தார், கள்ளைத் தொடவில்லை. அங்கே அது மரமேறிகளின் பிழைப்பு. அவர்களுக்கு 1969-லேயே சட்டம் போட்டு நல நிதி வைத்த மாநிலம் அது. ஆக, ஒரே மலை, ஒரே மழை, ஒரே தென்னை. மரம் எந்தச் சரிவில் நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் பாளைக்குச் சட்டம் மாறுகிறது!

ஜூன் மாதச் சாரல். காலையிலேயே ஐந்தருவியில் நின்றுவிட்டோம். உடம்பெல்லாம் எண்ணெய், தலையில் இடிக்கிற தண்ணீர், வெளியே வந்ததும் வயிற்றில் தீ. எங்கள் டிரைவர் அண்ணாச்சி தென்காசிக்காரர், சொட்டுக்கூடத் தொடமாட்டார், ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் நீதிபதி. "குளிச்சிட்டுப் போனா பசி ரெண்டு பங்கு, தங்கச்சி. குளிக்காமப் போறது சாப்பாட்டுக்குச் செய்ற அவமரியாதை" என்று தீர்ப்பு எழுதிவிட்டு வண்டியை எடுத்தார். மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர் குடிக்காதவராக இருக்க வேண்டும். இந்தப் பயணத்துக்கு இருக்கிற ஒரே கண்டிப்பான விதி அதுதான்.

செங்கோட்டை, புளியரை, வயல், வாய்க்கால், பிறகு வளைவு. காய்கறி லாரிகளும் வைக்கோல் லாரிகளும் முக்கிக்கொண்டு ஏற, அவற்றின் பின்னால் நாங்களும் முக்கினோம். மேலே போய்க் கணவாயைத் தாண்டியதும் யாரோ சுவிட்சைப் போட்ட மாதிரி எல்லாம் மாறுகிறது. தூறல் மழையாகிறது, பனை போய் ரப்பர் வருகிறது, கடைப் பலகையில் எழுத்து உருண்டையாகிறது. ஆரியங்காவு ஐயப்பன் மாப்பிள்ளைச் சாமி. வருஷா வருஷம் மதுரைப் பக்கத்து சௌராஷ்டிர மக்கள் பெண் வீட்டாராக வந்து திருக்கல்யாணம் நடத்துகிற கோயில் அது. கைகூப்பிவிட்டு நகர்ந்தோம். போகிற காரியம் அப்படி.

கடையின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கே பெஞ்சு கிடைக்காது. ரோட்டை விட்டுச் சற்று இறங்கினால் ஓட்டுக் கூரை, நீளமான பெஞ்சுகள், சுவரில் லைசென்ஸ் எண் எழுதிய பலகை. அலங்காரம் என்று சொல்ல ஒரு காலண்டர் இருந்தது, அதுவும் போன மாதத்தைக் காட்டிக்கொண்டு. இதையெல்லாம் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் பின்கட்டுக்கு வாருங்கள். அங்கேதான் கூத்து!

முதலில் கண்ணைக் கரிக்கிறது புகை. ரப்பர் விறகு, சாரலில் நனைந்தது. பிறகு மூக்கு திறக்கிறது: தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலை பொரிகிற வாசனை, அதற்கு அடியில் கறுப்பாக, ஆழமாக, புகையும் புளிப்பும் கலந்த ஒன்று. குடம்புளி! காயவைத்துப் புகையூட்டிய அந்தக் கறுத்த தோலை நம் வீட்டுப் புளி என்று நினைத்துக் கரைக்கக் கூடாது. கழுவி ஊறவைத்து அப்படியே சட்டியில் போட வேண்டும். அதற்கு ஓர் ஓரத்தில் தனிக் கிண்ணமே இருந்தது. நான் விரலை விட்டு நக்கிப் பார்த்தேன், முகம் கோணிப்போனது. அடுக்களைச் சேச்சி விழுந்து விழுந்து சிரித்தார்.

சேச்சிக்குத் தமிழ் சரளம். மகளைச் செங்கோட்டையில் கட்டிக்கொடுத்திருக்கிறார். "அகத்து வா மோளே, புகைல நிக்காத" என்று ஒரு முக்காலியைத் தள்ளினார். அடுத்த ஒரு மணி நேரம் நான் உட்கார்ந்திருந்தது திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சிம்மாசனத்தில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ரகசியம், இன்றைக்குப் பரிமாறுகிற மீன் கறி இன்றைக்கு வைத்ததில்லை. நேற்று சாயங்காலம் வைத்தது. அடுப்பை ஒட்டி வரிசையாக மூடியிருக்கிற மண்சட்டிகளைச் சேச்சி ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். மேலே சிவப்பு எண்ணெய் மிதக்கிறது, அடியில் சாளை மீன் புளியைக் குடித்துவிட்டு மல்லாந்து கிடக்கிறது. புதுக் குழம்பில் மிளகாயும் புளியும் தனித்தனியாக நின்று சண்டை போடும், ராத்திரி முழுக்கக் கிடந்தால்தான் சமாதானம் ஆகும் என்பது சேச்சியின் சித்தாந்தம். சட்டிகளுக்குச் சோப்பு ஆகாது, சாம்பலும் தேங்காய் நாரும்தான். மீன் கொல்லத்துப் பக்கத்துத் துறைமுகங்களிலிருந்து வருகிறது. மலை மேல் உட்கார்ந்துகொண்டு கடல் மீன் தின்பதில் ஒரு திமிர் இருக்கிறது, அனுபவித்தால்தான் தெரியும்.

இரண்டாவது ரகசியம் கப்பை, நம்மூர் மரவள்ளி. பெரிய அலுமினிய அண்டாவில் வெட்டிப் போட்டு வேகவைக்கிறார்கள். கொதித்த தண்ணீரை இரக்கமில்லாமல் கீழே கொட்டுகிறார்கள். கிழங்கில் இயல்பாகவே இருக்கிற நஞ்சு அந்தத் தண்ணீரோடு போகவேண்டும் என்பதற்காக. புதுத் தண்ணீர், மறுபடி கொதி, உப்பு கடைசியில். பிறகு தேங்காய், மஞ்சள், சீரகம், காந்தாரி மிளகாய் நசுக்கிப் போட்டு, துடுப்பு மாதிரி ஒரு கட்டையால் சேச்சி கிண்டிய கிண்டில் அண்டாவே ஆடியது! இந்தக் கிழங்கைப் பரப்பிய பெருமை 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவுக்கு. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது மலையாள தேசத்தின் வயிற்றைக் காப்பாற்றியதும் இதுவே. அந்த மகாராஜாவுக்குச் செங்கோட்டையும் சொந்தம் என்பதால் இதில் நமக்கும் பங்கு உண்டு என்று அண்ணாச்சி உரிமை கொண்டாடினார். உரிமையை நிலைநாட்ட ஒரு பெரிய கரண்டி வாங்கிக்கொண்டார்.

அதற்குள் இன்னொரு அடுப்பில் இரும்புச் சட்டி. மாட்டிறைச்சி, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், நிறைய சின்ன உள்ளி, கொட்டிய மிளகு. தண்ணீர் வற்றி, எண்ணெய் பிரிந்து, கறி கறுத்துச் சுருளும்வரை புரட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அவசரப்படுத்த முடியாது. ஜன்னல் மாதிரி ஒரு ஓட்டை வழியாக முன்பக்கத்துச் சேட்டன் தலையை நீட்டி "பீஃப் ஆயோ?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். சேச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்தக் கடையின் முதலாளி யாராக இருந்தாலும் ராஜாங்கம் யாருடையது என்பது அந்த ஒரு அலட்சியத்தில் தெரிந்துவிட்டது.

மூடியிருந்த ஒரு பானையில் ஏதோ பொங்கிக்கொண்டிருந்தது. அரைத்த பச்சரிசி மாவு, தேங்காய், கூடவே ஒரு குவளைக் கள்! கள்ளப்பத்துக்கு மாவு. ஈஸ்ட் பொட்டலம் எதுவும் வேண்டாம், கள்ளில் உயிரோடு இருக்கிற ஈஸ்ட்டே மாவை எழுப்பிவிடுகிறது. அப்பத்தின் நடுவில் தேன்கூடு தேன்கூடாக ஓட்டை விழுவது அதன் கைங்கரியம்.

சரி, கள்ளுக்கு வருவோம். நாங்கள் போன நேரம், மரமேறி ஒருவர் இரண்டாம் நடை முடித்துக் கேனோடு வந்து இறங்கினார். இடுப்பில் மரக்கூட்டுக்குள் பாளைக்கத்தி. கையில் வைத்துப் பார்க்கக் கொடுத்தார், சவரக் கத்தி தோற்றுவிடும். கத்திக்குப் பக்கத்தில் செருகியிருந்ததைப் பார்த்துத்தான் நான் கூவிவிட்டேன். எலும்பு! மாட்டுத் தொடை எலும்பு, கைபட்டுக் கைபட்டு வழவழவென்று தந்தமாகிவிட்டிருந்தது.

வேலை இதுதான். விரியாத தென்னம் பாளையை விரியவிடாமல் கயிறு சுற்றிக் கட்டுகிறார்கள். அந்த எலும்பால் அதை மெள்ள, நாள்தோறும், கீழிருந்து மேலாகத் தட்டுகிறார்கள். பலமாகத் தட்டினால் பாளை கெட்டுவிடும், பயந்து தட்டினால் சாறு இறங்காது. நுனியைச் சீவிச் சீவி, சில நாள் காத்திருந்து, சொட்டு விழ ஆரம்பித்ததும் கலயத்தை மாட்டுகிறார்கள். பிறகு தினமும் ஏற வேண்டும், ஏறும்போதெல்லாம் நுனியில் காகிதக் கனத்துக்கு ஒரு சீவல். ஒரு நாள் போகாவிட்டால் பாளை வாயை மூடிக்கொண்டுவிடும். குற்றாலத்தில் நாம் "சாரல் சூப்பர்" என்று குதிக்கிற இதே மாதங்கள் இவருக்குக் கண்டம். மரம் வழுக்கும், கலயத்தில் மழைத்தண்ணீர் விழும். சீசன் நல்லா இருக்கா என்று கேட்டேன். அருவிப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

கடையில் விற்பது எல்லாமே இந்த மரத்துச் சரக்கு இல்லை என்பதையும் சேட்டன் மறைக்கவில்லை. கேரளத்தின் தென் மாவட்டக் கடைகளுக்குப் பெரும்பாலும் பாலக்காட்டுச் சித்தூர்த் தோப்புகளிலிருந்து பெர்மிட் காகிதத்தோடு வண்டியில் கள் வருகிறது. கலப்படக் கதைகளும் உண்டு, எக்ஸைஸ்காரர்கள் மாதிரி எடுக்க வருவதும் உண்டு. அதனால்தான் பின்கட்டு உறவு முக்கியம். மரமேறி கேனை இறக்குகிற நேரத்துக்கு அடுக்களையில் இருந்தால் எது எந்த மரத்தது என்று தெரிந்துவிடும்.

பாளையிலிருந்து சொட்டும்போது அது வெறும் இனிப்புத் தண்ணீர். 100-க்கு 12 முதல் 15 பங்கு சர்க்கரை. ஆனால் கலயத்தின் சுவரிலேயே நேற்றைய ஈஸ்ட் காத்திருக்கிறது. சொட்டு விழுந்த நிமிஷத்திலிருந்து வேலை ஆரம்பம். கூடவே சைமோமோனாஸ் என்று ஒரு பாக்டீரியா. பீர் ஆலைக்குள் இது நுழைந்துவிட்டால் சரக்கு கெட்டது என்று அலறுவார்கள், இங்கே சம்பளமில்லாத மேஸ்திரி. பெங்களூர்த் தொட்டியில் வாரக்கணக்கில் நடக்கிற காரியம், மரத்தின் மேல் தொங்கும்போதே, காற்றில் ஆடிக்கொண்டே, சில மணி நேரத்தில் பாதிக்கு மேல் முடிந்துவிடுகிறது. ஆனால் நிறுத்தத் தெரியாது. மறுநாள் வரை விட்டால் காடி.

ஆகவே, இங்கே ருசி என்பது கடிகாரம். காலைக் கள்ளை ஒரு குவளையில் ஊற்றினார்கள். பால் கலங்கிய வெள்ளை, மேலே நுரை, நாக்கில் இளநீரின் இனிப்பு, மூக்கில் லேசாக ஒரு குறுகுறுப்பு. அட, இதற்கா இவ்வளவு கட்டுக்காவல் என்று தோன்றும். மத்தியானக் கள் வந்தது. இனிப்பு பின்வாங்கி, புளிப்பு முன்னுக்கு வந்து, நாக்கின் ஓரத்தில் கிச்சுகிச்சு மூட்டுகிறது. மீன் கறிக்கு இதுதான் ஜோடி. குடம்புளியும் காந்தாரியும் வாயைக் கொளுத்த, ஒரு மடக்கு உள்ளே போனதும் எல்லாம் அடங்கி, உடனே அடுத்த வாய்க்குக் கை போகிறது. இந்தச் சதியைக் கண்டுபிடித்தவருக்குச் சிலை வைக்கலாம்! சாயங்காலக் கள்ளை முகர்ந்து பார்த்ததோடு சரி, அது அனுபவஸ்தர்களின் துறை. கேரள அரசு கள்ளின் போதைக்கு 8.1 சதவீதம் என்று மேல்வரம்பு வைத்திருந்தபோது, கள் தன் பாட்டுக்கு அதைத் தாண்டிவிடுகிறது என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சாதாரண லாகர் பீர் 5 சதவீதம். வெள்ளையாக இருக்கிறதே என்று பாலாக நினைத்துவிடாதீர்கள்.

ஒரு குப்பி வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகலாமே என்று கேட்காதீர்கள். கணவாய்க்கு இந்தப் பக்கம் அது குற்றம். அது போக, பாட்டிலின் வாய் இறுக்கமாக இருந்தால் வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி வண்டிக்குள்ளேயே அருவி விழும்.

இவ்வளவு குதித்துவிட்டு நம் பனையைச் சொல்லாமல் போனால் நாட்டுத் துரோகம். அன்று விடியற்காலையில், குளிக்கப் போவதற்கும் முன்னால், அண்ணாச்சி எங்களைச் சுரண்டைப் பக்கம் பதனீர் காய்ச்சுகிற குடிசை ஒன்றுக்கு, ஒரு விடிலிக்கு, கூட்டிப்போயிருந்தார். பதனீர் முடியப்போகிற மாதம். பனையேறி தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு மேலே போய்வந்தார். இவர் பாளையை அடிப்பது எலும்பால் இல்லை, கடிப்பை வைத்து இடுக்கி நசுக்குகிறார். மற்றபடி அதே சீவல், அதே கலயம், அதே சொட்டு. ஒரே ஒரு வித்தியாசம், கலயத்தின் உள்பக்கம் பூசிய சுண்ணாம்பு. அந்தக் காரத்தில் ஈஸ்ட்டுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. சாறு இனிப்பாகவே நிற்கிறது. அதற்குப் பெயர் பதனீர், கலெக்டர் வீட்டு வாசலில் வைத்தும் குடிக்கலாம். பூச மறந்தால் கள், போலீஸ் வரும். ஒரு விரல் சுண்ணாம்பில் தொங்குகிறது பனையேறியின் மானமரியாதை!

பனையோலைப் பட்டையில் ஊற்றி, நுங்கைத் தோண்டிப் போட்டுக் கொடுத்தார்கள். ஓலை வாசனையும் சேர்ந்து தொண்டையில் இறங்கியபோது, இதைவிட மேலே எதுவும் கிடையாது என்று நான் சத்தியம் செய்தேன் (மத்தியானம் அந்தச் சத்தியம் என்ன ஆயிற்று என்பதைத்தான் மேலே படித்தீர்கள்). விடிலிக்குள் அக்கா ஒருவர் மீதிப் பதனீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். பொங்கி வழியப் போகிற சமயம் பார்த்து இடித்த ஆமணக்கு முத்தை ஒரு சிட்டிகை போட்டார். பொங்கிய நுரை கப்பென்று அடங்கியது. நான் கைதட்டினேன். "இதுக்குப்போயி கை தட்டுதியே" என்று அவர் வெட்கப்பட்டுக்கொண்டே பாகைச் சிரட்டைகளில் ஊற்றினார். கெட்டியாகும்முன் அடியில் ஒட்டியதை வழித்து என் உள்ளங்கையில் வைத்தார். சூடு பொறுக்காமல் கை மாற்றிக் கை மாற்றித் தின்று தீர்த்தேன்.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு, சொல்லிவிடுகிறேன். சீசனுக்குக் குற்றாலம் வருகிற அத்தனை பேரும் அருவிக்கரையில் அல்வாவும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு விடிலி எரிகிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. கள்ளுக்கான வாதப் பிரதிவாதத்தை அரசியல்வாதிகள் நடத்தட்டும். பதனீருக்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லையே? பக்கத்தில் ஒரு பெஞ்சு, ஒரு மண்சட்டி மீன் குழம்பு, ஒரு சேச்சி இருந்தால் நாங்கள் பாட்டுக்கு எல்லை தாண்டாமல் உட்கார்ந்திருப்போமே!

திரும்பும்போது இருட்டிவிட்டது. மலையில் பனிமூட்டம், முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் துணை. கப்பையும் மீனும் கறியும் கள்ளப்பமும் உள்ளே இருக்கின்றன, இனி ஒரு பருக்கைக்கும் இடமில்லை என்று எல்லோரும் ஏகமனதாகத் தீர்மானம் போட்டிருந்தோம். பிரானூர் வந்தது. செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் எல்லை இங்கேதான். 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை நம்மோடு சேர்ந்து எல்லை மலைக்குப் போய்விட்டாலும், இந்த இடத்துக்குப் பார்டர் என்கிற பெயர் போகவில்லை. ரஹ்மத் பரோட்டாக் கடையை ஊருலகம் அறிவதும் பார்டர் கடை என்றுதான். கல்லில் பரோட்டா அடிக்கிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி யாரையும் கேட்காமல் வண்டியை ஓரங்கட்டினார்.

வாழை இலை விழுந்தது. உள்ளங்கை அளவு பரோட்டாக்கள் விழுந்தன. நாட்டுக்கோழி வந்தது, பொரித்த காடை வந்தது. தீர்மானம் போட்டவர்களெல்லாம் பிய்த்துப் போட்டுச் சால்னாவுக்கு இலையை ஏந்தினோம்.

"எங்க போயிட்டு வாரிய?" என்றார் பரிமாறுபவர்.

"அருவிக்கு" என்றார் அண்ணாச்சி, இலையை விட்டுத் தலை தூக்காமல். "இன்னும் ரெண்டு வையிம் வே."